நஞ்சுக் கிண்ணத்தை நீட்டியது சினிமா அல்ல

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் இசை அன்பர்களே, வணக்கம்.

'ஆபராவும் ஐரோப்பிய இசைமேதைகளும் திரைப்படத்தால் வாழ்ந்தார்களா, வீழ்ந்தார்களா?' என்பது இன்றைய தலைப்பு. வாழ்ந்தார்கள் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். சாலியேரி என்ற நல்ல இசைஞரைத் திரைப்படம், இசைமேதை மொசார்ட்டைக் கொன்ற கொலைகாரராக்கிவிட்டது. பாடியே நடிக்கும் இசை நாடகமான, அரங்கத்துக்கென்றே பிறந்த ஆபராவைத் திரைக்குள் அடைக்க முடியாது. திரையில் பாடுகிறவர்கள் உண்மையில் பாடுவதில்லை, வாயை மட்டும் அசைக்கிறார்கள். இவற்றில் முதல் குற்றச்சாட்டுக்குத்தான் கைத்தட்டல் அதிகம் விழுந்தது. அங்கேயே தொடங்குகிறேன்.

மொசார்ட், சாலியேரி இருவரின் கதையாக மிலோஷ் ஃபோர்மன் 1984-இல் எடுத்த 'அமடேயஸ்' எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்ற படம். சாலியேரியின் பெயர் கெட்டதே அதனால்தான் என்றார் எதிரணித் தலைவர். மொசார்ட் மறைந்தது 1791-இல். அவருக்கு நஞ்சு வைக்கப்பட்டது என்ற வதந்தி, சாலியேரி உயிரோடு இருந்தபோதே வியன்னாவில் உலவியது. 1825-இல் சாலியேரி இறந்தார். ஐந்தே ஆண்டுகளில் ருஷ்யக் கவிஞர் புஷ்கின் அந்த வதந்தியை நாடகமாக எழுதினார். அந்த நாடகத்தை ருஷ்ய இசைஞர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஆபராவாக்க, 1898-இல் அது மாஸ்கோவில் மேடையேறியது. மொசார்ட்டின் கிண்ணத்தில் சாலியேரி நஞ்சைக் கலப்பது அந்த மேடையில்தான். அப்போது சினிமாவுக்கு மூன்று வயது! எதிரணி தூய்மையின் இருப்பிடமாகக் கொண்டாடும் அதே ஆபரா மேடை செய்த பழியை, மூன்று வயதுக் குழந்தையின் மீது சுமத்துவது என்ன நியாயம்?

'அமடேயஸ்' படத்தில் சாலியேரி நஞ்சு வைப்பதில்லை. பொறாமையில் வேகிறார், சூழ்ச்சி செய்கிறார், உண்மை. ஆனால் மொசார்ட்டின் இசை என்ன என்று முழுமையாக உணர்ந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்று காட்டுகிறது படம். மொசார்ட்டின் மனைவி, கணவருக்குத் தெரியாமல் கையெழுத்துத் தாள்களை எடுத்துவந்து சாலியேரியிடம் நீட்டும் காட்சியைப் பாருங்கள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார். எந்தத் தாளில் அவர் கண் விழுகிறதோ அந்தத் தாளின் இசை நம் காதில் விழுகிறது. தாள் மாறினால் இசை மாறுகிறது. இறுதியில் ஒரு பெண்குரல் எழும்பும்போது தாள்கள் அவர் கையிலிருந்து நழுவிச் சிதறுகின்றன. ஓர் இசைஞனின் மண்டைக்குள் அமர்ந்து, அவன் படிக்கிற இசையை நாமும் கேட்கிறோம். இதை எந்த ஆபரா மேடையில் செய்ய முடியும் என்று எதிரணி சொல்லட்டும்.

மரணப் படுக்கையில் மொசார்ட் ரெக்வியம் என்ற இரங்கல் இசையைச் சொல்லச் சொல்ல, சாலியேரி எழுதும் காட்சி கற்பனை. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. அந்த இசையைப் பெயர் சொல்லாமல் கேட்டனுப்பியவர் வால்செக் பிரபு. மொசார்ட் விட்டுச்சென்றதை முடித்துக்கொடுத்தவர் சூஸ்மாயர். சாலியேரிக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பதைக் கேளுங்கள். முதலில் ஆண்களின் கீழ்க்குரல் தனியாக. அதன்மேல் டெனர் எனப்படும் ஆண்களின் மேல்குரல்கள். பிறகு காற்றிசைக் கருவிகள், பிறகு வயலின்களின் ஓட்டம். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒலித்துவிட்டு, ஒரே மூச்சில் எல்லாம் சேர்ந்து வெடிக்கின்றன. இசைப் பள்ளியின் வாசலையே மிதிக்காத ஒருவருக்கும் 'ஓ, இப்படித்தான் இது அடுக்கப்படுகிறதா!' என்று புரிந்துவிடுகிறது. நடந்த சம்பவம் அல்ல அது. ஆனால் அங்கே ஒலிக்கிற இசையில் பொய் கிடையாது. மொசார்ட் எழுதிய சுரங்களை இசைக்குழு நடத்துநர் நெவில் மேரினர் வாசிக்க வைத்திருக்கிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டில் ஒரு பகுதியை நான் மனமார ஏற்கிறேன். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மனிதக் குரல் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தாண்டி மேல்மாடியின் கடைசி வரிசை வரை வந்து சேரும்போது நெஞ்சு அதிர்கிறதே, அதைத் தருவது அரங்கம் மட்டும்தான். ஆனால் அரங்கத்துக்குள் போக முடிந்தவர்களுக்கு மட்டுமே ஆபரா சொந்தம் என்றால் ஒப்பமாட்டேன். மொசார்ட்டும் ஒப்பியிருக்கமாட்டார். 'மாயக் குழல்' ஆபராவை அவர் எந்த அரண்மனைக்கும் எழுதவில்லை. 1791 செப்டம்பர் 30 அன்று அது அரங்கேறியது வியன்னாவின் புறநகர்க் கொட்டகை ஒன்றில். அரசவை விரும்பிய இத்தாலிய மொழியில் அல்ல, பார்க்க வந்த மக்களின் ஜெர்மன் மொழியில். பாடல்களை எழுதிய ஷிகனேடரே பறவை பிடிப்பவன் பாபகேனோவாக மேடையில் நின்று சிரிக்க வைத்தார்.

அந்த ஆபராவைத் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன் சுவீடிஷ் மொழியில் படமாக்கினார். 1975 புத்தாண்டு நாளில் சுவீடன் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. ஒரு நாடு முழுவதும் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் சொந்த மொழியில் மொசார்ட்டைக் கேட்டது! ஸ்டாக்ஹோம் அருகே ட்ராட்னிங்ஹோம் அரண்மனையில் 1766-இல் திறக்கப்பட்ட பழைய நாடக அரங்கம் இருக்கிறது. படப்பிடிப்பைத் தாங்காத அளவுக்கு நொய்ந்த கட்டடம் அது என்பதால், அதே போன்ற மேடையை ஸ்டுடியோவுக்குள் கட்டினார் பெர்க்மன். தொடக்க இசை ஒலிக்கும்போது திரையை அவர் மூடியே வைத்திருக்கிறார். நாம் பார்ப்பது கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்கள். கிழவர், இளைஞர், பல இனத்தவர், எல்லோருக்கும் நடுவில் ஒரு சிறுமி. அவள் முகத்துக்கே கேமரா மறுபடி மறுபடி திரும்புகிறது. இடைவேளையில் திரைக்குப் பின்னால் போகிறோம்: கதையில் வரும் இரவின் அரசி புகைபிடித்துக்கொண்டிருக்கிறாள், சராஸ்ட்ரோ என்ற பாத்திரமாகப் பாடுகிறவர் வேறோர் இசைமேதையான வாக்னரின் இசைத்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார். மேடையின் மாயத்தை இது கெடுக்கவில்லை. மாயத்தைச் செய்வது மனிதர்கள்தான் என்று அன்போடு காட்டுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபரா 2006 டிசம்பர் 30 அன்று திரையரங்குகளுக்கு நேரலை அனுப்பத் தொடங்கியபோது, முதலில் அனுப்பியதும் இதே 'மாயக் குழல்'தான்.

வாயசைப்பா? பல படங்களில் உண்டு. ஆனால் அதுவே திரையின் தலைவிதி என்று சொன்னால் இரண்டு சான்றுகளைப் பார்க்கச் சொல்வேன். 1968-இல் இயக்குநர்கள் ஸ்ட்ராப், உய்யே தம்பதி இசைமேதை பாக் வாழ்க்கையைப் படமெடுத்தார்கள். பாக் வேடத்தில் நடிகர் எவரும் இல்லை. பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்ட் கருவியின் மேதை குஸ்டாவ் லியோன்ஹார்ட் தலைமயிர்த் தொப்பி அணிந்து உட்கார்ந்து, கேமரா ஓட ஓட வாசித்தார். வாசித்த இடத்திலேயே ஒலியும் பதிவானது. இன்னொன்று 1992 ஜூலையில் ரோமில் நடந்தது. புச்சினியின் 'டோஸ்கா' ஆபராவின் கதை எந்தத் தேவாலயத்தில், எந்த அரண்மனையில், எந்தக் கோட்டையில் நடக்கிறதோ அந்தந்த இடத்திலேயே, கதை சொல்லும் நேரத்திலேயே நேரலையாகப் படம் பிடித்தார்கள். பாடகர் டொமிங்கோ அங்கே நேரடியாகப் பாட, ஆர்க்கெஸ்ட்ரா வேறிடத்தில் ஸ்டுடியோவில் வாசித்தது. அதை நடத்தியவர் மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா. கடைசி அங்கத்துக்கு உண்மையான விடியல் வெளிச்சம் வேண்டும் என்று காத்திருந்து பாடினார்கள். இதையா போலி என்கிறீர்கள்?

இனி, 1964-க்கு வருகிறேன். லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் ஆபரா பாடகி மரியா காலஸ் பாடிய 'டோஸ்கா'வின் இரண்டாம் அங்கம் மட்டும் பிப்ரவரியில் தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. கறுப்பு வெள்ளை. எதிரில் கொடூரன் ஸ்கார்பியாவாக டிட்டோ கோப்பி. காதலனின் உயிருக்கு விலையாகத் தன்னையே கேட்கும் அந்த மனிதனிடம் கதாநாயகி டோஸ்கா வேறு வழியின்றிச் சம்மதித்துவிட்டாள். அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கான அனுமதிச் சீட்டை அவன் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் ஒரு வாய் மது குடிக்க மேசைக்குப் போகிறாள். அங்கே கத்தி கிடக்கிறது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. காலஸின் பார்வை அந்தக் கத்தியில் விழுந்து, அங்கேயே நிற்கிறது. கொலை அந்த நொடியிலேயே நடந்துவிடுகிறது. கை பிறகுதான் அசைகிறது. நடுவர் அவர்களே, அன்று அரங்கத்தின் மேல்மாடியில் இருந்தவருக்கு அந்தக் கண்கள் தெரிந்திருக்குமா? அவர் கேட்ட குரல் பெரிது, ஐயமில்லை. நாம் பார்த்த முகத்தை அவர் பார்க்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு சான்று. 1931 நவம்பரில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ திறப்பு நாளில், 74 வயதான ஆங்கில இசைமேதை எட்வர்ட் எல்கரை ஒலியோடு படம் பிடித்தார்கள். முப்பது ஆண்டுகளாக நாடே பாடித் தேய்ந்த தன் அணிவகுப்பு மெட்டை வாசிக்கச் சொல்வதற்கு முன், இசைக்குழுவைப் பார்த்து அவர் கேட்டுக்கொள்கிறார்: இந்த மெட்டை இதற்கு முன் கேட்டதே இல்லாதவர்கள் போல வாசியுங்கள். மூன்றாவது ஆண்டில் அவர் இல்லை. மொசார்ட் எப்படிக் கை அசைத்தார், எப்படிப் பேசினார் என்று அறிய நமக்குக் கடிதங்களும் ஓவியங்களும் மட்டுமே மிஞ்சின. எல்கரின் குரலையும் கையையும் நாம் அறிவோம்.

காலஸ் 1965 ஜூலை 5 அன்று அதே லண்டன் அரங்கில் கடைசியாக ஆபரா பாடினார்; 1977-இல் மறைந்தார். எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1965-க்குப் பிறகு பிறந்த ஒருவர், அந்தக் கத்தியை காலஸ் பார்க்கும் நொடியைக் காண வேண்டுமென்றால் எந்த அரங்கத்தில், எந்த வரிசையில் டிக்கெட் வாங்க வேண்டும்? அதற்கு விடை சொல்லிவிட்டு அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும்.