ஒரே பட்டறையில் நான்கு கம்மாளர்

எல்லோருக்கும் வணக்கம். துவக்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அது நியாயம்தான். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைச் சும்மா கேட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் யாரும் இல்லை, நானும் இல்லை. போன வருடம் மருமகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது, "மாமா, ஒரு பழைய துவக்குப் பட்டறை இருக்கு, வாங்கோ" என்று அவள் கூப்பிட்டபோதும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு போனேன். போனவன் அன்று பொழுதுபடும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இடத்தின் பெயர் வில்லியம்ஸ்பேர்க். 1699 முதல் 1780 வரை வேர்ஜீனியாவின் தலைநகரமாக இருந்த ஊர், தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் அடங்கிப்போனது. குட்வின் என்ற பாதிரியார் எண்ணெய்க் கோடீஸ்வரர் றொக்பெல்லரின் மகனைப் பிடித்து, அவருடைய காசில் 1926இல் ஊரையே திருத்தத் தொடங்கினார். வீடுகளைத் திருத்தியதோடு விடவில்லை, பட்டறைகளில் உலையையும் மூட்டினார்கள். துவக்குப் பட்டறையில் 1960களில் வேலை செய்த வொலஸ் கஸ்லர் என்பவர், குழல், விசைப்பூட்டு, கட்டை எல்லாவற்றையும் பதினெட்டாம் நூற்றாண்டு முறையிலேயே தன் கையால் செய்து ஒரு முழுத் துவக்கை உருவாக்கினார். புத்தகத்தில் மட்டும் கிடந்த வேலை மறுபடி ஒரு மனிதனின் கைக்கு வந்தது. இன்றைக்கும் அங்கே பழகுநர்கள் மூத்தவரிடம் பல வருடம் இருந்துதான் தொழில் படிக்கிறார்கள்.

குழல் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? ஓட்டை போட்ட இரும்பு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நீளமான இரும்புத் தகட்டை வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, விளிம்போடு விளிம்பைச் சம்மட்டியால் அடித்து ஒட்டுகிறார்கள், அதுவும் ஒரே மூச்சில் முடியாது, ஓரிரு அங்குலம் ஒட்டி மறுபடி உலைக்குள் வைத்து மறுபடி அடித்து, இப்படியே முழு நீளத்துக்கும். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பு எரிந்துபோகும். அதற்கு அளவுகருவி ஒன்றும் கிடையாது, நிறத்தைப் பார்க்கிற கண்தான். அப்புறம் உள்ளே குடைந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து நிமிர்த்தி, கடைசியில் குழலுக்குள்ளே சுருள் வரி வெட்டுகிறார்கள். மரத்தில் செதுக்கிய ஒரு பெரிய திருகு உருளை, அதன் வழியே ஒரு கோல், கோலின் நுனியில் சின்ன அரம்போன்ற வெட்டுப்பல். இழுத்து இழுத்து ஒவ்வொரு வரியாக வெட்ட வேண்டும். வரி ஆழமாக வேண்டுமானால் பல்லுக்கு அடியில் ஒரு துண்டுக் கடதாசியைச் சொருகுகிறார்கள். கடதாசியின் தடிப்பு அளவுக்குத்தான் இரும்பு கழிகிறது! அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொன்னால் நம்புங்கள்.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. குழல் கொல்லர் வேலை. மேப்பிள் மரக்கட்டையைச் செதுக்குவது தச்சர் வேலை. மண் அச்சில் பித்தளை வார்ப்பது கன்னார் வேலை. வெள்ளி பதித்துச் சித்திரம் வெட்டுவது தட்டார் வேலை. கம்மாளர் ஐவர் என்கிறோமே, கல்தச்சரை விட்டால் மற்ற நால்வரும் அங்கே ஒரே மனிதனுக்குள் இருந்தார்கள்.

இந்தக் கைவேலை நம்முடைய தீவுக்குப் புதிதில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையடித்த பீரங்கி ஒன்று பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கல்லும் பதித்தது. அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்த அது 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பி வந்தது. பீரங்கி வந்துவிட்டது, சரி. அந்த வேலையைச் செய்த கை எங்கே?

இங்கேயும் அப்படித்தான். கோட்டையின் முருகைக்கற்களைத் திரும்ப அடுக்குகிறோம், அது நல்ல வேலை, வேண்டிய வேலை. ஆனால் தட்டாதெரு, கொல்லங்கலட்டி என்று பெயரிலே தொழிலைச் சுமக்கிற இடங்கள் நமக்கு இருக்கின்றனவே, அங்கே எத்தனை உலை எரிகிறது என்று யாராவது போய்ப் பார்த்தோமா? வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் காய்ச்சி ஏற்றுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகள் பார்த்ததில்லை. சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியைத் தோய்ச்சல் பார்த்து அடித்துக் கொடுக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று பழக ஒரு பெடியனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் போதும், வில்லியம்ஸ்பேர்க்கில் செய்வதும் அதுதான். பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு கொட்டில், ஒரு துருத்தி, சிரட்டைக்கரி.

ஊருக்கு வந்து இதையெல்லாம் எங்கள் ஊர் ஆசாரியார் ஒருவரிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தகட்டை ஒட்டேக்க பொருத்துக்கு என்ன போட்டவை, மணலோ வெங்காரமோ?" என்றார். ஒரு நாள் முழுக்க நின்று பார்த்த எனக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. மருமகளுக்கு அன்றிரவே எழுதினேன், அவள் அடுத்த முறை போகும்போது கேட்டுச் சொல்வாள். அந்த ஆசாரியார் இப்போது இரண்டாவது வரிசையில் இருக்கிறார். இரும்பைப் பற்றிக் கேள்வி உள்ளவர்கள் அவரிடம் கேளுங்கள், ஒலிவாங்கியை அவர் பக்கம் கொடுத்துவிடுகிறேன்.