மலை ஏறிய பெட்ரோல் லாரிகள்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லாரி என்றாலே டீசல் என்றுதான் இன்றைக்கு எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. பெட்ரோல் லாரி என்று சொன்னால், பட்டறையில் வேலை பழகும் பையன்களே நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் 1950-களின் தொடக்கம் வரை இந்த மலையில் ஏறி இறங்கிய லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவைதான். செவர்லே, டாட்ஜ், பார்கோ, ஃபோர்டு, பெட்ஃபோர்டு. நம் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியதும், அரிசியும் உரமும் மேலே வந்ததும் அவற்றில்தான். டீசல் வந்த பிறகும் பழைய வண்டிகள் ரொம்ப நாள் விடாமல் ஓடின. குன்னூரில் நான் தொழில் பழகியது அந்த வண்டிகளின் அடியில் படுத்துத்தான்.

அந்த எஞ்சின்களைப் பற்றி இரண்டு பேச்சு எப்போதும் உண்டு. ஒன்று, "அது இரும்புய்யா, சாகாது" என்பது. இன்னொன்று, "அது குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு குடும்பமே பிழைக்கலாம்" என்பது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். அது எனக்கு நெடுநாள் மனக்குறை. அவை எதனால் அவ்வளவு குடித்தனவோ, அதனாலேதான் அவ்வளவு உழைத்தன. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எப்படி என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை நெருக்குகிறது. நெருக்கிய பிறகு பிளக் பொறி விடும், கலவை எரியும், பிஸ்டன் கீழே தள்ளப்படும். இன்றைய பெட்ரோல் காரில் பத்து மடங்கு நெருக்குகிறார்கள். டீசலில் பதினாறு மடங்குக்கும் மேல். அந்தக் கால லாரியில் ஆறரை மடங்கு, மிஞ்சிப்போனால் ஏழு. அதற்கு மேல் நெருக்க முடியாது. அன்றைக்குக் கிடைத்த பெட்ரோல் மட்டமானது. கூட நெருக்கினால் நேரம் தப்பி வெடித்து, உள்ளே டிங் டிங் என்று தட்டும். ஏற்றத்தில் லோடு வண்டி அப்படித் தட்டிக்கொண்டே போனால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

சரி, குறைவாக நெருக்கினால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலை குறையும். மிச்சம் எல்லாம் சூடாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். அதுதான் தாகம். ஆனால் அதே காரணத்தால் பிஸ்டனுக்கு அடி குறைவு, பேரிங்குக்குச் சுமை குறைவு, ஹெட் கேஸ்கட் போகாது. நிமிஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுக்கு மேல் போகாத எஞ்சின் அது. கனத்த வார்ப்பிரும்பு பிளாக், பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க், அதை இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதுதான் உறுதி. பாருங்கள், ஒரே காரணம், இரண்டு விளைவு.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏற்றம் ஏறும்போது, காற்றில் பெட்ரோலைக் கலக்கிற அந்தக் கார்புரேட்டர்கள் தேவைக்கு மேலேயே பெட்ரோலை ஊற்றும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் மூட்டை தூக்குகிறவர் குடிக்கிற தண்ணீர் வியர்வையாகப் போய் உடம்பைக் காப்பாற்றுகிறதே, அந்த மாதிரி. மைலேஜுக்கு ஆசைப்பட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றிய முதலாளிகள் உண்டு. அந்த வண்டிகள்தான் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் பட்டறைக்கு வந்து நிற்கும். பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை வால்வுக்கும் கூலிக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மலையில் இந்தத் தாகம் இன்னும் கூடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். உதகை 7,300 அடிக்கு மேல். மேலே வர வர காற்று மெலிந்துகொண்டே வரும். கார்புரேட்டருக்கு அது தெரியாது; கீழே ஊற்றிய ஏறக்குறைய அதே அளவில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குன்னூர் தாண்டினால் கரும்புகை. காற்று மெலிவதால் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் வீதம் இழுவையும் குறையும். கீழே நூறு குதிரைத் திறன் காட்டிய எஞ்சின், உதகை வரும்போது எண்பதுக்குப் பக்கமாக இறங்கிவிடும். ரேடியேட்டர் தண்ணீரும் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிளீனர் ஒரு கையில் கட்டை, ஒரு கையில் தண்ணீர் டின் என்று வண்டியோடு நடந்தே வந்த காலம் அது. வளைவில் வண்டி நின்றால் பின்சக்கரத்துக்குக் கட்டை, கொதித்தால் ஓடையில் தண்ணீர்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பென்சில் வேண்டாம். லோடோடு ஏழு டன் இருக்கும் ஒரு பெட்ரோல் லாரி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கிடைத்தால் டிரைவர் கெட்டிக்காரர். அதில் வண்டியை நகர்த்தியது ஆறு, ஏழு லிட்டர்தான். ஐந்தில் நாலு பங்கு சூடாகப் போனது.

இப்போது உறுதிக்கு வருகிறேன். நான் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு செவர்லே வந்தது. சிறுமுகைக்கார டிரைவர் ஒருவர். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு உர லோடு. ராத்திரி, பர்லியாறு தாண்டி மரப்பாலம் பக்கம் வரும்போது எஞ்சினுக்குள் டக் டக் என்று சத்தம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. அந்தச் செவர்லேயில் இன்றைக்கு மாதிரிக் கடையில் வாங்கி மாட்டுகிற பேரிங் கிடையாது. கனெக்டிங் ராடிலேயே வெள்ளை ஈயத்தை உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். அதைக் காட்டு ரோட்டில் எங்கே செய்வது?

அந்த மனிதர் அசரவில்லை. முதலில் நாலு சக்கரத்துக்கும் கட்டை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எந்த ஒயரைக் கழற்றும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. கண்டுபிடித்தார். மண்ணெண்ணெய் டின்னில் எஞ்சின் ஆயிலை இறக்கினார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், எஞ்சின் அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சம்பைக் கழற்றினார். பேரிங் மூடியைத் திறந்தால் ஈயம் உருகி ஓடிப்போயிருக்கிறது. இடுப்பில் கட்டியிருந்த தோல் பெல்ட்டை எடுத்தார். கிராங்கின் அகலத்துக்கு அறுத்து, ஆயிலில் ஊறவைத்து, சுற்றிலும் வைத்து மூடியைப் போட்டு முடுக்கினார். கிளீனர் தன் துண்டில் வடிகட்டிக் கொடுத்த அதே ஆயிலைத் திரும்ப ஊற்றினார். அந்தச் சிலிண்டருக்குப் போகும் ஒயரை மாட்டாமல் விட்டார். மீதி ஐந்து சிலிண்டரில், ஃபர்ஸ்ட் கியரிலேயே, ஒரு மூட்டையைக்கூட இறக்காமல், விடியும்போது குன்னூர் வந்து சேர்ந்தார்.

காலையில் அந்தச் சம்பைக் கழற்றியது நான்தான். தோல் கருகி விறைத்துப்போயிருந்தது. பெல்ட்டில் கொக்கி மாட்டுகிற துளை ஒன்று மட்டும் அப்படியே தெரிந்தது. கிராங்கைத் தடவிப் பார்த்த மேஸ்திரி, எமரி தாள் போட்டால் போதும் என்றுவிட்டார். புதிதாக ஈயம் ஊற்றினோம், சுரண்டிப் பொருத்தினோம், வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓடியது. முதலாளி வந்து முதலில் கேட்டது பேரிங்கைப் பற்றி இல்லை. ராத்திரி எவ்வளவு பெட்ரோல் ஆச்சு என்றுதான் கேட்டார்.

திரும்பவும் சொல்கிறேன், இது அந்த டிரைவரின் கெட்டிக்காரத்தனம் மட்டும் கிடையாது. பெல்ட் தோல் தாங்குகிற அளவுக்கு அந்த எஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு, சுற்று குறைவு. நன்றாக நெருக்கி, பெட்ரோலைச் சிக்கனமாக எரிக்கிற எஞ்சினாக இருந்திருந்தால் நூறு அடி போயிருக்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, இதே எஞ்சின்களைத்தான் கரி கேஸில் ஓட்டினார்கள். பின்னால் பெரிய டிரம், அதில் கரி, கையால் சுற்றுகிற ஊதி. பெரியவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆனாலும் எஞ்சின் ஓடியது. மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலும் முனகிக்கொண்டே ஓடியது. எதைக் கொடுத்தாலும் தின்கிற வயிறு அதற்கு.

போர் முடிந்ததும் டிஸ்போசல் ஏலத்தில் மிலிட்டரி லாரிகள் வந்தன. அதில் எனக்குத் தனி மரியாதை அமெரிக்காவின் ஜிஎம்சி பத்துச்சக்கர வண்டி மேல். அதைப் பற்றி ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள், உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இரண்டரை டன் வண்டி என்று பெயர். 1941 முதல் 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆறு சிலிண்டர், 4.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 150 லிட்டர் டாங்க், நல்ல ரோட்டில் அதற்கு 480 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம். அதைவிடப் பெரிய தாகமும் இருந்தது. டாங்கிகளை ஏற்றிப்போக அமெரிக்க ராணுவம் வைத்திருந்த எம்-26 என்ற வண்டியில், ஹால் ஸ்காட் கம்பெனியின் 18 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 240 குதிரைத் திறன். 120 கேலன் டாங்க், 120 மைல் ஓட்டம். மைலுக்கு ஒரு கேலன்! போர்க்களத்தில் பெட்ரோல் கணக்கை யாரும் பார்க்கவில்லை. ரோட்டில் நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் கணக்கு. நம் மலையில் மரம் இழுக்க அந்த ஜிஎம்சியை வைத்திருந்தவர்களும் அதே கணக்கில்தான் வைத்திருந்தார்கள். மழையில் சேற்றுத் தடத்தில் அது ஏறுவதை நின்று பார்க்க வேண்டும்; மூன்று அச்சுக்கும் இழுவை, எஞ்சின் அவசரமே படாமல் உறுமும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டால் காற்று போகிற வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன் காற்றுக்காக இழுத்து இழுத்து வண்டியைப் பிடிக்கும். சாதாரண டீசல் எஞ்சினில் அந்தக் கதவே இல்லை. அதனால்தான் பிறகு, புகை போகிற வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைத்தார்கள். கிழங்கு லோடோடு உதகையிலிருந்து இறங்கிய பழைய டிரைவர்கள் செகண்ட் கியரில் போட்டுவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள். பழைய வண்டியின் பிரேக்கை நம்பியவர்களைவிட எஞ்சினை நம்பியவர்கள் பத்திரமாகக் கீழே போனார்கள்.

டீசல் வந்தது எப்படி என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் குறைவு. சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பழைய டாட்ஜ், பார்கோ லாரிகளில் இறக்கி மாட்டினார்கள். 1954-ல் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் வந்தது. எண்ணூரில் லேலண்டு. அதே லோடுக்குச் செலவு பாதிக்குப் பக்கமாக இறங்கியது. முதலாளி எதற்குப் பெட்ரோல் ஊற்றுவார்? 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது மிச்சமிருந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

கடைசியாக ஒன்று, இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்னும் சிலர் பழைய பெட்ரோல் ஜீப்பும், ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா என்ற ஜீப் மாதிரி வண்டியும் வைத்திருக்கிறார்கள். இப்போது வருகிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் டியூபும் பெட்ரோல் பம்பு டயஃப்ரமும் அதில் ஊறிக் கெட்டுப்போகும். எத்தனால் தாங்குகிற டியூபாக மாற்றிவிடுங்கள். 2000-லிருந்து பெட்ரோலில் ஈயம் கிடையாது, அதனால் ஹெட் வேலை பார்க்கும்போது கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் பெட்ரோல் பைப்புக்குள் ஆவி அடைத்து வண்டி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஜெட்டை மட்டும் சின்னதாக்காதீர்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.