விழுந்த நேரம் கழிவு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், கீழவீதியில் தொடங்கி கிள்ளை வரைக்கும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனத்துக்கும் வணக்கம். ‘அண்ணாமலைநகர் நினைவுகளில் நிறைந்து நிற்பது படிக்க வந்த பிள்ளைகளா, பார்த்துக்கொண்ட ஊரா?’ இதுதான் தலைப்பு. நான் ஊர்ப் பக்கம். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன் வேறு எந்தப் பக்கம் நிற்பான்?

எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய அம்மா வரலாற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். 1920இல் மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்த இடம், 1941இல் தமிழிசை மாநாடு நடந்த இடம். எல்லாம் உண்மை. 1965 ஜனவரி 27இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் குண்டடிபட்டு இறந்த மாணவன் ராஜேந்திரனைப் பற்றி அவர்கள் சொன்னபோது நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இங்கே நிற்கிற அவன் சிலையைத் தாண்டிப் போகாத ஆள் இந்த ஊரில் கிடையாது. அதில் எனக்கு வழக்கே இல்லை.

ஆனால், போகிற போக்கில் ஒன்று சொன்னார்கள் பாருங்கள். “ஊர் பார்த்துக்கொண்டதாம்! எதைப் பார்த்துக்கொண்டது? மெஸ்ஸில் டோக்கன் பார்த்துச் சோறு போட்டது. வீட்டில் அட்வான்ஸ் பார்த்துச் சாவி கொடுத்தது. சைக்கிள் கடையில் மணி பார்த்து வாடகை வாங்கியது. இதற்குப் பெயர் பாசமா, வியாபாரமா?” என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கைதட்டல்.

அம்மா, மெஸ்ஸைப் பற்றி மெஸ்காரர்கள் பதில் சொல்லட்டும். வீட்டைப் பற்றி வீட்டுக்காரர்கள் சொல்லட்டும். சைக்கிள் கடை என்று சொன்னீர்களே, அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மணி பார்த்து வாடகை வாங்கியவர் என் அப்பா.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரின் அமைப்பு ரொம்ப எளிது. மேற்கே கோயிலும் நான்கு வீதியும். கிழக்கே பல்கலைக்கழகம். நடுவில் தண்டவாளம். ரயில்வே கேட் மூடினால் ஊர் இந்தப் பக்கம், படிப்பு அந்தப் பக்கம். கேட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் கடை. பன்னிரண்டு சைக்கிள், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய ஓர் இரும்புச் சட்டி, சக்கரத்தில் கோட்டம் எடுக்கிற ஒரு ஸ்டாண்டு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின் மட்கார்டில் வெள்ளை பெயின்டில் நம்பர்.

அப்பா அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் சைக்கிளைப் படிப்பார். டயர் இடுக்கில் மணல் இருந்தால் வண்டி பிச்சாவரம் பக்கம் போய்விட்டு வந்திருக்கிறது. மட்கார்டில் களிமண் அப்பியிருந்தால் வாய்க்கால் கரை. காரியர் கம்பி கீழே தழைந்திருந்தால் பின்னால் ஒருவர் இல்லை, இருவர். யாரையும் கேட்க மாட்டார். ஒரு துணியை எடுத்துத் துடைத்து உள்ளே நிறுத்திவிடுவார்.

1982 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்பு. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் பொறியியல் படிக்க வந்திருந்தான். ஒல்லியாக, உயரமாக, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பான். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வருவான். ஏழாம் நம்பர் சைக்கிளை எடுப்பான். ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விடுவான்.

முதல் நாள் சைக்கிள் திரும்பி வந்தபோது வலது பெடல் உள்பக்கம் மடங்கியிருந்தது. அப்பா பார்த்தார், பேசவில்லை. இரண்டாம் நாள் பெல் மூடி நசுங்கியிருந்தது. மூன்றாம் நாள் ஹேண்டில்பார் ஒரு பக்கம் பார்க்கிறது, முன் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது. “என்ன தம்பி, லாரி கீரி உரசிடுச்சா?” என்று கேட்டார் அப்பா. “இல்லண்ணே. சும்மா ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தேன். அதுவா விழுந்துடுச்சு.”

நான்காம் நாள் ஸ்போக்கில் இரண்டு போய்விட்டது. பையனின் உள்ளங்கையில் சரளைக் கல் பதிந்த தழும்பு. அப்பா அவன் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தம்பி, நிறுத்தி வச்ச சைக்கிள் தினமும் விழாதுப்பா.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவன் அழுதுவிட்டான்.

அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வீட்டில் சைக்கிள் இருந்ததில்லை. நாமெல்லாம் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய வயதில் அவனுக்குக் கிடைக்கவில்லை. இங்கே வந்தால் கூடப் படிக்கிற பையன்கள் எல்லாரும் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குச் சைக்கிளில் போகிறார்கள். இவன் மட்டும் வெயிலில் நடக்கிறான். “ஏன்டா நடக்கிறே?” என்று கேட்டால், “நடந்தா உடம்புக்கு நல்லது” என்று சொல்லியிருக்கிறான். பதினெட்டு வயதுப் பையன், நடந்தால் உடம்புக்கு நல்லதாம்! அதனால்தான் ராத்திரி எட்டு மணிக்கு, யாரும் பார்க்காத இருட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னால் போய்த் தனியாக விழுந்து எழுந்துகொண்டிருந்தான்.

அப்பா என்னைப் பார்த்து, “கடையைப் பார்த்துக்க” என்றார். கைலியை மடித்துக் கட்டினார். பெடலை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் கடையைப் பார்க்கவில்லை. பின்னாலேயே போனேன். தண்டவாளத்தை ஒட்டிய மண்ரோடு. அந்தப் பக்கம் முழுக்கக் கருவேலம் புதர். பையன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா பின்னால் சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். அவன் கத்துகிறான். “அண்ணே, விட்டுடாதீங்க! அண்ணே, விட்டுடாதீங்க!” அப்பாவும் கத்துகிறார். “விடலப்பா, விடல! முன்னாடி பாரு!” இப்படி எத்தனை ராத்திரி என்கிறீர்கள்? ஒன்பது ராத்திரி. கேட் கீப்பர் கூட விளக்கைத் தூக்கிப் பிடித்து வேடிக்கை பார்ப்பார். கடலூர்ப் பக்கமிருந்து ரயில் வந்தால் அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் நிழலும் புதர் மேல் ஓடும்.

ஏழாவது ராத்திரியோ எட்டாவது ராத்திரியோ, “விட்டுடாதீங்க” என்று அவன் கத்துகிறான், “விடலப்பா” என்று அப்பா கத்துகிறார். ஆனால் அப்பாவின் இரண்டு கையும் அவர் இடுப்பில் இருக்கிறது! விட்டு ரொம்ப நேரமாகிவிட்டது. சும்மா பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். பையன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நான் இருட்டில் நின்று இதைப் பார்க்கிறேன். குரல் இன்னும் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறது, கை விட்டுவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்த நொடி, புதருக்குள் போய் விழுந்தான். முள்ளை எடுக்கவே அரைமணி நேரம்.

சரி, அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாசமா, வியாபாரமா?

இதோ, என் கையில் இருப்பது அப்பாவின் வாடகை நோட்டு. அட்டை போய்விட்டது. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. நடுவர் அவர்கள் வாங்கிப் பார்க்கலாம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறார். சைக்கிள் நம்பர், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம், தொகை. எல்லாச் சைக்கிள் கடையிலும் இருக்கிற கட்டம்தான். ஆனால் ஏழாம் நம்பர் வரிசையில் மட்டும், தொகைக்கு முன்னால் பென்சிலில் சின்னதாக எழுதியிருக்கிறார். படிக்கிறேன், கேளுங்கள். “எடுத்தது 8.00. விட்டது 9.10. விழுந்த நேரம் கழிவு, 40 நிமிடம்.”

இன்னொரு தடவை படிக்கட்டுமா? விழுந்த நேரம் கழிவு!

அந்தப் பையன் எவ்வளவு நேரம் ஓட்டினானோ அதற்கு மட்டும் வாடகை. விழுந்து கிடந்த நேரம், முள் எடுத்த நேரம், அழுத நேரம், இதெல்லாம் கழிவு. அடுத்த ராத்திரி, “கழிவு 50 நிமிடம்.” அதற்கடுத்த ராத்திரி, “முழுக் கழிவு.” அன்றைக்கு ஓட்டவே இல்லை போலிருக்கிறது, முழுக்க விழுந்துகொண்டே இருந்திருக்கிறான். ஒன்பதாம் ராத்திரி பாருங்கள். “எடுத்தது 8.00. விட்டது 9.00. கழிவு இல்லை.” பக்கத்தில் நீலப் பென்சிலில் ஒரு டிக். வாத்தியார் போடுகிற மாதிரி டிக்! இரும்புச் சட்டியில் பஞ்சர் பார்த்த கை போட்ட டிக்.

அம்மா, அப்பா வாடகை வாங்கினார். நான் மறைக்கவில்லை. அந்த வாடகையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அந்த வாடகையில்தான் நான் படித்தேன். வியாபாரம்தான். ஆனால் எந்த வியாபாரத்தின் கணக்கு நோட்டில் விழுந்த நேரத்துக்கு ஒரு கழிவு இருக்கிறது? சொல்லுங்கள். நோட்டுக் கணக்கில் அது நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஊர் மணி பார்த்தது என்றீர்கள். ஆமாம், பார்த்தது. எந்த மணியைக் கணக்கில் சேர்ப்பது, எந்த மணியைத் தள்ளுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது.

அந்தப் பையன் படித்து முடித்துப் போனான். எங்கே இருக்கிறான், தெரியாது. திரும்பி வரவில்லை. அப்பா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. “ஓட்டக் கத்துக்கிட்டவன் போகத்தானே செய்வான்” என்பார்.

அப்புறம் ஊர் மாறியது. 1984க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கத் தனியார் பொறியியல் கல்லூரிகள் வந்தன. பொறியியல் படிக்க ரயிலேறி சிதம்பரம் வந்தாக வேண்டும் என்ற நிலை போனது. வந்தவர்கள் மோட்டார் சைக்கிளோடு வந்தார்கள். கேட்டில் காத்து நிற்காமல் ஏறி இறங்க மேம்பாலம் வந்தது. 2010இல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையில் ரயில் ஓடியது. 2013இல் பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக்கொண்டது. நல்லதும் நடந்தது, கஷ்டமும் நடந்தது, இந்தக் கூட்டத்தில் இரண்டையும் பட்டவர்கள் இருக்கிறீர்கள். எங்கள் கடை எப்போது கடையாக இருப்பதை நிறுத்தியது என்று எனக்கே சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் பார்த்தால் வாடகைக்கு ஆள் இல்லை. இன்னொரு நாள் பார்த்தால் காற்றடிக்கவும் ஆள் இல்லை. அப்பா மட்டும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டி டயரையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என் அணித் தலைவரும் கண்ணைக் காட்டுகிறார். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். கொஞ்சம் தேறியதும் நடக்கப் பழக்கினார்கள். அதற்கு ஒரு பையன் வருவான். மருத்துவம் படிக்கிற பிள்ளை, இருபத்திரண்டு வயசு இருக்கும். எந்த ஊர் என்று அப்பா கேட்டார். தருமபுரிப் பக்கம் என்றான்.

வார்டுக்கு வெளியே நீளமான வராண்டா. அப்பாவின் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி, அதைப் பின்னாலிருந்து அவன் பிடித்துக்கொள்வான். அப்பா இடது காலை வைப்பார். வலது காலை இழுப்பார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓரமாக வருவேன். என் அப்பா, வாழ்நாளில் யாரிடமும் ஓர் உதவி கேட்டறியாத மனிதர், குழறுகிற வாயோடு சொன்னார். “விட்டுடாதே தம்பி. விட்டுடாதே.” அவன் சொன்னான், “விடல தாத்தா. விடல. முன்னாடி பாருங்க.”

நான் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இதைச் சொன்னால் எதிரணிக்குத்தான் பாயிண்ட் என்று எனக்குத் தெரியும் நடுவர் அவர்களே. படிக்க வந்த பிள்ளைதானே பிடித்துக்கொண்டான்? கொடுத்துவிடுங்கள், அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள். தலைப்பில் ‘படிக்க வந்த பிள்ளைகளா, பார்த்துக்கொண்ட ஊரா’ என்று நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த வராண்டாவில் எனக்கு எந்தக் கோடும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மண்ரோடு தெரிந்தது. கருவேலம் புதர் தெரிந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற என் அப்பா தெரிந்தார்.

அன்றைக்கு அப்பா வராண்டாவின் கடைசி வரைக்கும் நடந்தார். கடைசிப் பத்துப் பன்னிரண்டு அடி, அந்தப் பையன் துண்டை விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் பின்னால் வந்தான். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ராத்திரி கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிடும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

“பாதியிலேயே கையை எடுத்துட்டான்டா அந்தப் பய” என்றார். “எனக்குத் தெரியும். நான்தான் திரும்பிப் பார்க்கல.”

வணக்கம்.