கரணையும் தண்ணீரும்: ஜப்பானிய மண்சுவர் பூசக் கற்பது எப்படி?

[காட்சி: பயிற்சிப் பலகை ஒன்று. இடது கையில் கலவைத் தட்டு, வலது கையில் கரணை.]

வணக்கம். தட்டில் இருக்கும் மண்ணைக் கரணையில் அள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுமில்லாத வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் கரணை மண்ணுக்குள் போகிற அதே நொடியில் இடது கை தட்டை உடம்புப் பக்கம் சாய்க்க வேண்டும். மண் சறுக்கி விழுவதற்குள் கரணை அதை ஏந்திக்கொண்டு மேலே போய்விட வேண்டும். இரண்டு கைக்கும் தாளம் தப்பினால்...

[சத்தம்: சொத்.]

இதோ, செருப்பெல்லாம் மண்.

ஜப்பானில் சுவர் பூசும் கைவினைஞருக்கு 'சாகான்' என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு சாகானிடம் சேர்ந்த பையன், கரணையைத் தொடுவதற்கு முன் நெடுநாள் மண் குழைப்பான், வாளி சுமப்பான், கருவி கழுவுவான். ஆசான் வாய் திறந்து சொல்லித் தரமாட்டார். பார்த்துத் திருடிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது சில இடங்களில் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். கைதேர்ந்தவர் பூசுவதை வீடியோ எடுத்து, அவர் அசைவை அப்படியே காப்பியடிக்கச் சொல்லி, வந்த முதல் மாதமே கரணையைக் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். ஆனால் மண் குழைத்த பையனுக்குத் தெரிந்த ஒன்று வீடியோ பார்த்தவனுக்குத் தெரியாது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

[காட்சி: மூங்கில் பின்னல், அருகில் நின்று.]

முதலில் சுவரைப் பார்ப்போம். மரத்தூண்களுக்கு நடுவில், பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கயிற்றால் கட்டுகிறார்கள். இந்தப் பின்னலுக்குக் 'கோமாய்' என்று பெயர். இதன் மேல் முதல் பூச்சு, 'அராகபே'. வைக்கோல் கலந்த சொரசொரப்பான மண்ணை ஒரு பக்கத்திலிருந்து அழுத்தினால், அது இடுக்கு வழியாகப் பிதுங்கி மறுபக்கம் குமிழ் குமிழாக எட்டிப் பார்க்கும். சுவர் மூங்கிலைக் கவ்விக்கொள்வது அந்தக் குமிழ்களால்தான். பிறகு மறுபக்கமும் பூசுவார்கள்.

அந்த மண்ணைக் கடையில் வாங்கி வந்து உடனே பூசுவதில்லை. களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். வைக்கோல் அழுகி நார் மிருதுவாகும், மண்ணுக்குப் பசை ஏறும், நிறம் கருக்கும். நாற்றம்? சேறு கிளறிய குட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி. காய்ந்த சுவரில் அந்த வாடை இருக்காது.

காயும்போது முதல் பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். வெடிக்கட்டும். களிமண் தண்ணீரை விட்டதும் சுருங்கத்தான் செய்யும். சுருங்க வேண்டியதெல்லாம் இந்த அடுக்கிலேயே சுருங்கி முடிந்தால் மேலே வரும் பூச்சுகளுக்கு நல்லது. அந்த வெடிப்பே அடுத்த பூச்சுக்குப் பிடிமானமும் ஆகிறது. நடுப்பூச்சில் மணல் கூடும், வைக்கோல் பொடியாகும். கடைசிப் பூச்சு சில மில்லிமீட்டர்தான். அதில் மண்ணாகவே விட்டுவிடலாம், இல்லை சுண்ணாம்பு பூசலாம்.

மண்ணாகவே விட்டதில் பேர்போனது கியோட்டோவின் 'ஜுராகு' மண். 1587-இல், அன்று ஜப்பானை ஆண்ட தளபதி ஹிதேயோஷி கட்டிய ஜுராகுதாய் மாளிகை இருந்த பகுதியில் கிடைத்ததால் அந்தப் பெயர். மாளிகை எட்டே வருடத்தில் இடிபட்டுப் போனது. பெயர் மட்டும் தேநீர் அறைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டது.

[காட்சி: கொதிக்கும் பாத்திரத்தில் கடற்பாசி.]

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். ஜப்பானியச் சுண்ணாம்புப் பூச்சுக்கு 'ஷிக்குய்' என்று பெயர். நீற்றிய சுண்ணாம்பு, சணல் போன்ற மெல்லிய நார், பிறகு இந்தக் கடற்பாசி. பாசியைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று வரும். இதை வெறும் பசை என்று நினைக்க வேண்டாம். கலவையில் இருக்கும் தண்ணீரை அடிச்சுவர் சட்டென்று உறிஞ்சிவிடாமல் பிடித்து வைப்பது இந்தக் கஞ்சிதான். அதனால்தான் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மெல்லிசாகப் பூசியும் தேய்க்க அவகாசம் கிடைக்கிறது. ஷிகோகு தீவின் கோச்சியில் வேறு வழக்கம். புயலும் மழையும் அடித்து ஊற்றும் ஊர் அது. அங்கே பாசியே கிடையாது. சுண்ணாம்போடு புளித்த வைக்கோலைச் சேர்க்கிறார்கள். 'தோசா ஷிக்குய்' என்ற அந்தப் பூச்சு முதலில் வெளிர் மஞ்சளாக இருந்து, வெயில் பட்டுப் பட்டு வெளுத்துக்கொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை: ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

[காட்சி: கரணை, பக்கவாட்டில்.]

நம் கொத்தனார் கையில் இருக்கும் கரணைக்குப் பிடி பின்னால் இருக்கும். இதில் தகட்டின் முதுகு நடுவிலிருந்து கழுத்து எழும்பிப் பிடி வருகிறது. கை அழுத்தம் நேராகத் தகட்டின் மையத்துக்கு இறங்கும். ஒரு சாகானிடம் இந்த மாதிரி டஜன் கணக்கில் இருக்கும்: மெத்தென்ற இரும்பு, விறைப்பான எஃகு, மூலைக்கு ஒன்று, விரல் அகலத்தில் ஒன்று. ஹியோகோ மாகாணத்தின் மிக்கி நகரம் இதற்குப் பெயர்பெற்றது. நமக்குத் தொடங்க இரண்டு போதும்.

பூசும்போது, கரணை எந்தப் பக்கம் போகிறதோ அந்த விளிம்பைக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். தட்டையாகப் படுக்கவிட்டால் ஈரமண் தகட்டில் ஒட்டிக்கொண்டு சுவரிலிருந்து பெயர்ந்து வந்துவிடும்.

இப்போது நான் பிற்பாடு சொல்கிறேன் என்ற விஷயம். பூசியவுடன் சுவர் பளபளவென்று ஈரமாக இருக்கும். அப்போது தேய்த்தால் வழியும். கொஞ்ச நேரத்தில் அடிப்பூச்சு தண்ணீரை இழுக்கும், பளபளப்பு மங்கும். இந்த நீர் இழுப்பைத்தான் 'மிசுஹிகி' என்கிறார்கள். விரல் நுனியால் தொட்டால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் தேய்க்கும் நேரம். பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா? வெயில், காற்று, அடிச்சுவரின் தாகம் எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜன்னல் ஓரம் முன்னால் காயும், மூலை பின்னால் காயும். ஒரே சுவருக்கு இரண்டு நேரம். தவறவிட்டால் கரணை கீச்சென்று கத்தும், கறுப்புக் கோடு விழும். மண்ணைக் கையால் குழைத்துப் பழகியவனுக்கு இந்த ஈரம் விரலிலேயே தெரியும்.

[காட்சி: கவாகோஎ நகரத்தின் கறுப்புக் கடைத்தெரு.]

இவ்வளவு மெனக்கெட்டதற்கு அழகு மட்டுமே காரணமில்லை. மரவீடுகள் நிறைந்த ஊரில் தீ ஒரு பெரும் பயம். டோக்கியோவுக்கு வடமேற்கே கவாகோஎ 1893-இல் எரிந்தபோது, 1792-இல் கட்டிய ஓசாவா வீடு, தடித்த மண்சுவரோடு அப்படியே நின்றது. அதைப் பார்த்த வியாபாரிகள் தங்கள் கடைகளையும் அதே முறையில் எழுப்பினார்கள். இப்படித் தடித்த மண்சுவர் வைத்துக் கட்டிய களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் ஈரமண் தயாராக வைக்கும் வழக்கமும் இருந்தது. தீ வந்தால் கதவைச் சாத்தி, இடுக்கில் அதை அப்பிவிடுவார்கள்.

ஹிமேஜி கோட்டையின் வெள்ளையும் ஷிக்குய்தான். கூரை ஓடுகளின் இணைப்பில்கூடப் பூசியிருக்கிறார்கள். பழுதுபார்ப்பு முடிந்து 2015-இல் திறந்தபோது, ரொம்ப வெள்ளையாகிவிட்டதே என்று ஜனங்கள் குறைப்பட்டார்கள்! வருடக்கணக்கில் கறுத்துப்போன பூச்சையே அசல் நிறம் என்று பழகியிருந்தார்கள்.

இரியே சோஹாச்சி என்ற சாகான் (1815–1889) இதே சுண்ணாம்பில் கரணை நுனியால் புடைப்புச் சித்திரங்கள் செய்தார். இசு தீபகற்பத்தில் மட்சுசாகி என்ற அவர் ஊரில் அருங்காட்சியகம் இருக்கிறது; உள்ளே பார்ப்பதற்குப் பூதக்கண்ணாடி கொடுக்கிறார்கள்.

[காட்சி: மறுபடி பயிற்சிப் பலகை.]

நீங்கள் சுண்ணாம்பில் தொடங்க வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும், திரும்பி வராது. மண் வரும். ஒரு முழம் அகலப் பலகையில் பூசுங்கள், தேயுங்கள், மூலையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு காய்வதற்குள் இப்படிச் சுரண்டி வாளியிலேயே போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். நாளைக்கும் இதே மண்தான்.