ஸ்ட்ரெச்சர் வந்தால்தான் குற்றமா?

நடுவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் தொண்டை வற்றப் பேசிய எதிரணியினருக்கும், சனிக்கிழமை மேட்ச்சை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மெல்பர்ன் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், நம் ஊர்ப் பேச்சில் ஃபூட்டியில், ஆபத்தான ஆட்டத்துக்குத் தண்டனை தர அளவுகோல் செயலா, விளைவா? செயல்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அக்கா ஒரு கேள்வி கேட்டார். “அடிபட்டுக் கிடப்பவனைப் பார்க்காமல், அடித்தவனுக்கு எப்படி ஐயா தீர்ப்புச் சொல்வீர்கள்?” அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா, உங்கள் அளவுகோல்தானே பல வருடங்களாக நடைமுறையில் இருக்கிறது? அது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்போமா?

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. ஓவல் மைதானம், அணிக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது. அதனால் எந்தத் திசையிலிருந்தும் எவர் வேண்டுமானாலும் வந்து மோதலாம். ஹெல்மெட் கட்டாயமில்லை. ஆட்டம் முடிந்ததும் மறுஆய்வு அதிகாரி வீடியோவைப் பார்த்து மூன்று கட்டங்களை நிரப்புவார். ஒன்று, கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா? இரண்டு, அடி எங்கே பட்டது, தலையிலா உடம்பிலா? மூன்று, தாக்கம் எவ்வளவு? குறைவு, நடுத்தரம், அதிகம், கடுமை என்று அதில் நாலு படி.

வம்பெல்லாம் இந்த மூன்றாவது கட்டத்தில்தான். அண்மை ஆண்டுகளின் தண்டனை அட்டவணைப்படி, கவனக்குறைவாகத் தலையில் இடித்து, தாக்கம் குறைவு என்றால் வெறும் அபராதம். கடுமை என்றால் குறைந்தது மூன்று ஆட்டத் தடை. தாக்கத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் அடிபட்டவருடைய கிளப் டாக்டர் தரும் அறிக்கையை வைத்து. அதே ஓட்டம், அதே தோள், அதே தலை. அடிபட்டவர் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டால் இடித்தவர் பணம் கட்டிவிட்டு அடுத்த வாரம் ஆடுவார். எழவில்லை என்றால் ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அடிபட்டவருடைய கழுத்தின் பலத்தை வைத்தா அடித்தவருடைய குற்றத்தை அளப்பது?

சிவப்பு விளக்கைத் தாண்டினால் இந்த ஊரில் கேமரா படம் பிடித்து வீட்டுக்குக் கடிதம் வருகிறது. குறுக்கே ஆள் வந்தாரா என்று அது விசாரிப்பதில்லை. ஆள்மீது மோதினால் தனி வழக்கு, சரி. ஆனால் யாரும் சாகவில்லை என்பதற்காக முதல் கடிதம் வராமல் இருக்கிறதா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் மேனார்ட் வழக்கை எடுத்துவைத்தார். நல்லது, நானே எடுத்திருப்பேன். 2023 செப்டம்பர் 7, நம்ம ஊர் பெரிய மைதானமான எம்சிஜி, காலிங்வுட்டுக்கும் மெல்பர்னுக்கும் இறுதிச் சுற்று ஆட்டம், முதல் கால்பகுதி. மெல்பர்னின் ஆங்கஸ் பிரேஷா பந்தோடு நேராக ஓடி வருகிறார். ஏற்கெனவே தலையில் பலமுறை அடிபட்டவர், மென்கவசம் அணிந்து ஆடுபவர். காலிங்வுட்டின் பிரேடன் மேனார்ட் எதிரே ஓடி வந்து, உதையைத் தடுக்க இரண்டு கைகளையும் உயர்த்தி எம்புகிறார். பந்து காலை விட்டுப் போய்விட்டது. மேனார்ட் இன்னும் காற்றில்தான் இருக்கிறார். இறங்கும்போது உடம்பைத் திருப்புகிறார், தோள் போய் பிரேஷாவின் தலையில் இடிக்கிறது. விழுந்தவருக்கு நினைவில்லை. ஸ்ட்ரெச்சர் வருகிறது.

மறுஆய்வு அதிகாரி மைக்கேல் கிறிஸ்டியன் தண்டிக்க ஒன்றுமில்லை என்று கருதினார். ஃபூட்டியின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லின் நிர்வாகத்தைச் சேர்ந்த லாரா கேன் தலையிட்டு வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார். தீர்ப்பாயம் மேனார்டை விடுவித்தது. அந்த மாதக் கடைசியில் அவர் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். பிரேஷா அதன் பிறகு ஆடவே இல்லை. 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவர்கள் சொன்னதால் ஓய்வு பெற்றார்.

“பார்த்தீர்களா, விளைவை விட்டதால் வந்த அநியாயம்” என்றார் அந்த இரண்டாவது பேச்சாளர். நண்பரே, சற்று நில்லுங்கள். அந்த வழக்கை நிர்வாகம் விடாமல் துரத்தியதே விளைவைப் பார்த்துத்தானே? பிரேஷா எழுந்து நின்றிருந்தால் அது வழக்காகியே இருக்காது. விளைவு கண்முன்னால் ஸ்ட்ரெச்சரில் போயும் தீர்ப்பாயத்தால் தண்டிக்க முடியவில்லை. ஏன்? தடுப்பதற்காக எம்பிக் குதிப்பவன், எதிரியின் தலைக்குத் தானே பொறுப்பு என்று அன்றைக்கு எந்த விதியும் தெளிவாகச் சொல்லவில்லை. 2024 சீசனுக்கு முன் அதை எழுதினார்கள். கால் தரையை விட்டுப் போய், தலையில் இடித்தால் குறைந்தபட்சம் கவனக்குறைவு. இப்போது எம்புவதற்கு முன்பே ஆட்டக்காரருக்குத் தெரியும். செயலுக்கு விதி எழுதிய பிறகுதான் ஓட்டை அடைபட்டது, இதை எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்து ஆண்ட்ரூ காஃப். 2018 ஆகஸ்ட், பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட்டும் ஃப்ரீமேண்டலும் மோதிய ஆட்டம். பந்து வேறெங்கோ இருக்க, காஃப் வீசிய குத்தில் ஃப்ரீமேண்டலின் 18 வயதுப் பையனுக்குத் தாடை உடைந்தது, பற்கள் இடம் பெயர்ந்தன. அந்தப் பையன் ஆண்ட்ரூ பிரேஷா, ஆங்கஸின் தம்பி! அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. நெஞ்சில் குத்தத்தான் கை ஓங்கினேன் என்று காஃப் தீர்ப்பாயத்தில் சொன்னார். எட்டு வாரத் தடை. அந்த ஆண்டு அவருடைய வெஸ்ட் கோஸ்ட் அணி கோப்பை வென்றபோது அவர் ஆடவில்லை.

எட்டு வாரம் நியாயமா என்றால் நியாயம்தான். என் கேள்வி வேறு. அந்தக் குத்து அவர் சொன்ன மாதிரியே நெஞ்சில் பட்டிருந்தால்? என் கணிப்பு, அபராதத்தோடு போயிருக்கும். பந்து பக்கத்தில் இல்லாதபோது முஷ்டியை மடக்கியவனுக்கும் எட்டு வாரத் தடைக்கும் நடுவில் இருந்தது ஒரு சாண் உயரம். இன்னொன்றையும் பாருங்கள். ஏஎஃப்எல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை கிடையாது. தாடை உடைந்தவர் வெளியே போனார், உடைத்தவர் தொடர்ந்து ஆடினார். உள்ளூர் லீக்குகளில் வெளியேற்றும் விதி உண்டு. பெரிய ஆட்டத்தில் ஏன் இல்லை என்றால், அந்த நிமிடத்தில் விளைவு முழுசாகத் தெரியாதாம்! செயல் தெரிகிறதே ஐயா, பெரிய திரையில் நாலு கோணத்தில் தெரிகிறதே.

2024 ஜூலையில் இன்னொரு கூத்து. டோபி பெட்ஃபோர்ட், சார்லி கேமரன் இருவரும் ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்துச் சாய்த்தார்கள். சாய்க்கப்பட்ட இருவருக்கும் மூளை அதிர்ச்சி. உடனே ஆளுக்கு மூன்று ஆட்டத் தடை. தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது, மேல்முறையீட்டு வாரியம் இரண்டையும் ரத்து செய்தது. அந்த வாரம் பயிற்சிக்குப் போன ஒரு பையன் எப்படிப் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கக் கூடாது என்று என்ன கற்றுக்கொண்டிருப்பான்? நல்ல வக்கீல் பிடிக்கலாம் என்றுதான்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 2012-இல் சிட்னியின் கேரி ரோஹனுக்கு, பந்துக்காகச் சறுக்கி வந்தவர் மோதிக் கால் முறிந்தது. அடுத்த ஆண்டு விதி வந்தது. முழங்காலுக்குக் கீழே வேகமாக மோதினால் ஃப்ரீ கிக். கால் முறிந்ததா, சிராய்ப்பா என்று அம்பயர் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, சறுக்கினாயா விசில். பந்துக்காகப் பாய்கிறவனைத் தண்டிப்பதா என்று முன்னாள் வீரர்கள் புலம்பினார்கள். ஆட்டக்காரர்கள் குனிந்து எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக, எதிரணி வாயே திறக்காத விஷயம். தலையில் வாங்கும் அடிகள் சேர்ந்து சேர்ந்து மூளையை அரிக்கும் சிடிஇ என்ற நோய். உயிரோடு இருக்கும்போது அதை உறுதிசெய்ய வழியில்லை, இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் சொல்கிறார்கள். முன்னாள் ஆட்டக்காரர் கிரஹாம் ‘பாலி’ ஃபார்மருக்கு இருந்தது. டேனி ஃப்ராலிக்கு இருந்தது. 38 வயதில் இறந்த ஷேன் டக்குக்குக் கடுமையாக இருந்தது. அடிலெய்டு மகளிர் அணியில் ஆடி, 28 வயதில் இறந்த ஹெதர் ஆண்டர்சனுக்கும் இருந்தது. மயங்கி விழ வைக்கும் பெரிய அடிகள் மட்டும் இதற்குக் காரணமில்லை. ஆள் எழுந்து ஓடிவிடுகிற சின்னச் சின்ன அடிகளும் சேர்கின்றன என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. அதாவது உங்கள் அட்டவணை ‘தாக்கம் குறைவு’ என்று எழுதி, அபராதம் வாங்கி, ஃபைலை மூடிவைக்கிற அதே அடிகள்.

அக்கா, விளைவை அளக்கிறேன் என்கிறீர்கள். எந்த விளைவை? திங்கட்கிழமை டாக்டர் அறிக்கையில் வரும் விளைவையா, இருபது வருடம் கழித்து ஆய்வுக்கூடத்தில் தெரியும் விளைவையா? இரண்டாவதை அளக்க எந்தத் தீர்ப்பாயத்தாலும் முடியாது. ‘காயம் விளைவிக்கக்கூடிய வாய்ப்பு’ என்றொரு வரி வழிகாட்டியில் ஏற்கெனவே உண்டு என்று எதிரணி எழுந்து சொல்லும். உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, தேவைப்பட்டால் ஒரு படி ஏற்றிக்கொள்ள. அதை முதல் கட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. எம்பி இடித்தாயா, பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து ஓடினாயா, கைகளைப் பிணைத்துத் தரையில் சுழற்றி அடித்தாயா? ஆம் என்றால் இத்தனை வாரம், அவ்வளவுதான். டாக்டர் அறிக்கை தண்டனையைக் கூட்ட மட்டும் பயன்படட்டும், குறைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். மிச்சத்தை எதிரணி மறுத்துப் பேசட்டும், கேட்கத் தயாராக இருக்கிறேன்.