சாட்சியாக நின்ற சிப்பாய்: ‘பிலாக்ஸி ப்ளூஸ்’ நாடகத்தைப் படிப்பது பற்றி

அவையோர்க்கும், நாடகம் பயிலும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்க நாடக ஆசிரியர் நீல் சைமனின் ‘பிலாக்ஸி ப்ளூஸ்’ 1984 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் மேடையேறி, அடுத்த மார்ச்சில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்கு வந்து, 1985-ஆம் ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. யூஜீன் ஜெரோம் என்னும் புரூக்ளின் யூத இளைஞனைப் பற்றிச் சைமன் எழுதிய மூன்று நாடகங்களில் இது நடுவில் நிற்பது. அவருடைய சொந்த வாழ்க்கையின் சாயல் அதில் நிறையவே உண்டு. 1943-ஆம் ஆண்டு, புதிதாகப் படையில் சேர்ந்த இளைஞர்கள் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்ஸி நகரின் பயிற்சி முகாமுக்கு ரயிலில் போகும் காட்சியோடு நாடகம் தொடங்குகிறது. எழுத்தாளனாக வேண்டும், போரில் சாகாமல் திரும்ப வேண்டும், பெண் சுகம் அறிய வேண்டும் என்பவை யூஜீனின் ஆசைகள்.

இவற்றுள் மூன்றாவதைத்தான் பார்வையாளர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாடகத்தின் உயிர் முதல் ஆசையில் இருக்கிறது என்பது என் கருத்து. யூஜீன் எப்போதும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறான். கூட இருப்பவர்களைக் கூர்ந்து பார்க்கிறான், அவர்களைப் பற்றி நம்மிடம் நேரடியாகப் பேசிச் சிரிக்க வைக்கிறான். அவனோடு சேர்ந்து சிரிக்கும் நாமும் அவனைப் போலவே எதிலும் கைவைக்காமல் விலகி நின்று பார்ப்பவர்களாகிவிடுகிறோம். பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும் என்று அவனிடம் நேருக்கு நேர் சொல்கிறவன் ஆர்னால்ட் எப்ஸ்டீன். வயிற்றுக் கோளாறும் படிப்பும் பிடிவாதமும் சேர்ந்த அந்த மெலிந்த இளைஞன்தான், அதிகாரத்துக்குப் பணியாமல் நிற்கும் துணிவுள்ளவன்.

குறிப்பேடு மற்றவர்கள் கையில் சிக்கி, எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படும் இடத்தை நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டும். எப்ஸ்டீன் ஓரினச் சேர்க்கையாளனாக இருக்கலாம் என்று யூஜீன் எழுதி வைத்திருக்கிறான். அது வெறும் ஊகம். ஆனால் தாளில் ஏறிவிட்டதால் படித்தவர்களுக்கு அது உண்மையாகிவிடுகிறது. பிறகு, அன்றைய படையில் குற்றமாக இருந்த ஓரினச் சேர்க்கைக்காகப் பிடிபட்டுப் போகிறவன் ஹென்னெசி என்னும், யாரும் சந்தேகிக்காத இன்னொருவன். எழுத்துக்கு இருக்கும் பொறுப்பு என்ன என்பதை யூஜீன் கற்றுக்கொள்வது இங்கேதான். அப்போதும், மனத்தில் பட்டதை எழுதுவதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது என்று அவனுக்குச் சொல்கிறவன், அந்த எழுத்தால் காயப்பட்ட எப்ஸ்டீனே. இதைவிடக் கடினமான பாடத்தை ஓர் இளம் எழுத்தாளனுக்குத் தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி டூமி. இந்த இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் சார்ஜென்ட் டூமியை வெறும் கொடுமைக்காரனாக நடித்துவிட்டால் நாடகம் பாழாகிவிடும். ஒருவன் செய்த தவறுக்கு மற்றவர்களைத் தண்டால் எடுக்க வைத்து, நண்பர்களுக்குள்ளேயே பகை மூட்டத் தெரிந்தவர் அவர். அதே சமயம், மண்டைக்குள் உலோகத் தகட்டோடு வாழும் பழைய போர்வீரர். உயிரோடிருக்க ஒரு வாரமே மிச்சம் என்றால் என்ன செய்வாய் என்று இளைஞர்கள் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளும்போது, டூமியைப் படைப்பிரிவின் முன் 200 தண்டால் எடுக்க வைப்பேன் என்கிறான் எப்ஸ்டீன். பின்னர் ஓர் இரவு, மருத்துவமனைக்குப் போக வேண்டிய டூமி குடித்துவிட்டு, குண்டு போட்ட துப்பாக்கியை எப்ஸ்டீன்மேல் நீட்டுகிறார். துப்பாக்கி கைமாறியதும், மேலதிகாரியிடம் புகார் செய்து அவரை அழிக்கும் வாய்ப்பு எப்ஸ்டீனுக்குக் கிடைக்கிறது. அவன் கேட்பதோ அந்த 200 தண்டால்தான். முன்பு சிரிப்புக்காகச் சொன்ன எண், இப்போது ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றும் தண்டனையாகிவிடுகிறது. சைமனின் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1988-இல் மைக் நிக்கோல்ஸ் இயக்கிய திரைப்படத்தில் இந்தத் துப்பாக்கி எப்ஸ்டீனை விட்டு யூஜீனை நோக்கித் திரும்பியது. கதாநாயகனை நடுவில் வைக்கத் திரைப்படம் விரும்புவது இயல்பே. ஆயினும் மேடைப் பிரதியில் அந்த வெற்றி, பிற்பாடு போரில் காணாமற்போகப்போகும் எப்ஸ்டீனுக்கு உரியது; யூஜீன் அதை எழுத வேண்டியவன். ஆகவே தேர்வுக்குப் படிக்கும்போது திரைப்படத்தை மட்டும் நம்பாமல், அச்சிட்ட நாடகத்தை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.