கோட்டையே இல்லாத கமான்சிகளுக்கு நாடு இருந்ததா?

அடுத்த கேள்வி. "வட அமெரிக்கப் பழங்குடிகளான கமான்சி மக்கள் கூடாரங்களோடு அலைந்தவர்கள். தலைநகர் இல்லை, கோட்டை இல்லை, எல்லோருக்கும் பொதுவான அரசனும் இல்லை. பிறகு எப்படி அவர்களுக்குக் 'கமான்செரியா' என்று ஒரு நாடு இருந்ததாகச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கமான்செரியா அவர்களுடைய ஆதி நிலம் அல்ல. அவர்கள் வடக்கே, இன்றைய வயோமிங் பக்கம் வாழ்ந்த ஷோஷோனி மக்களிலிருந்து பிரிந்து வந்தவர்கள். 1706இல் நியூ மெக்சிகோவின் ஸ்பானியர்கள் அவர்களைப் பற்றி எழுதத் தொடங்குகிறார்கள். கையில் குதிரை வந்ததும் நிலைமை மாறியது. அப்பாச்சி என்ற இன்னொரு பழங்குடியினரைத் தள்ளிவிட்டுத் தெற்குப் புல்வெளிகளைப் பிடித்தார்கள். வடக்கே ஆர்க்கன்சா ஆறு தொடங்கி, மேற்கு டெக்சாஸ், கிழக்கு நியூ மெக்சிகோ, மேற்கு ஓக்லஹோமா வரை அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. புல் குதிரையை வளர்த்தது. குதிரை காட்டெருமையைத் துரத்தித் தந்தது. தோலையும் குதிரையையும் விற்றுத் தானியமும் துப்பாக்கியும் வாங்கினார்கள். இப்படியிருக்கக் கோட்டை எதற்கு?

அரசன் இல்லை என்பது உண்மைதான். பெனடெக்கா, யாம்பரிக்கா, கோட்சோடெக்கா என்று பல பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர்கள். ஆனால் அக்கம்பக்கத்து அரசுகள் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள். 1779இல் நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் அன்சா, குவெர்னோ வெர்தே என்ற கமான்சித் தலைவரைப் போரில் கொன்றார். வென்றவரே 1786இல் அவர்களோடு சமாதானம் செய்து, பரிசுகள் கொடுத்து, சந்தைகளைத் திறந்துவிட்டார். பேசுவதற்கு ஒரே தலைவர் வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் மேற்குக் கமான்சிகள் எக்குவெரகாப்பாவை முன்நிறுத்தினார்கள்.

இதைவிட எனக்குப் பெரிய சான்றாகத் தெரிவது அமெரிக்க-மெக்சிகோ போரை முடித்துவைத்த 1848ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம். மெக்சிகோவின் வடபகுதியைக் கமான்சிகளும் அப்பாச்சிகளும் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். கமான்சிப் படைகள் துராங்கோ வரை போய் வந்தன. எல்லை தாண்டிப் போகும் பழங்குடிகளைத் தடுக்கும் பொறுப்பு அமெரிக்காவுடையது என்று 11ஆம் பிரிவில் எழுதி வாங்கியது மெக்சிகோ. அமெரிக்காவால் முடியவில்லை, 1853 ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பையே நீக்கிக்கொண்டது. இரண்டு குடியரசுகள் உட்கார்ந்து எழுதிய தாளில் இவர்களுடைய பலம் பதிவாகியிருக்கிறது.

குதிரையும் காட்டெருமையும்தான் அவர்கள் பலத்தின் வேர். வீழ்ச்சியும் அதே வேரிலிருந்துதான். அம்மையும் காலராவும் ஆட்களைக் கொன்றன, தோல் வேட்டைக்காரர்கள் காட்டெருமையை அழித்தார்கள். 1874இல் அமெரிக்கப் படைத்தளபதி மெக்கென்சி, பாலோ டூரோ பள்ளத்தாக்கில் பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டார். அந்த மக்களின் கால்களையே வெட்டியது போல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கமான்சித் தலைவர் குவானா பார்க்கரும் அவரது குவஹாடிப் பிரிவினரும் அமெரிக்கப் படையின் ஃபோர்ட் சில் கோட்டைக்கு வந்து சரணடைந்தார்கள்.